தோர்த்தாங் தாலோங்: பகோஓங்கை எங்கே சேர்ப்பது?

கத்திரிக்காயை நெருப்பில் சுட்டு, தோலை உரித்து, காம்போடு தட்டையாக நசுக்கி, அடித்த முட்டையில் தோய்த்துப் பொரித்தால் அது தோர்த்தாங் தாலோங். பிலிப்பைன்ஸில் மிகச் சாதாரணமான வீட்டுச் சாப்பாடு. சுடுசோறும் தொட்டுக்கொள்ள ஏதாவதும் இருந்தால் போதும். அந்த 'ஏதாவது' பல வீடுகளில் வாழைப்பழ கெட்சப். சில வீடுகளில் பகோஓங் என்னும் உப்பிட்டுப் புளிக்க வைத்த மீன் அல்லது இறால் விழுது. எனக்குப் பிடித்தது பகோஓங்தான். ஆனால் அதை முட்டையோடு கலப்பதா, பக்கத்தில் வைப்பதா என்று முடிவு செய்யத்தான் சில வாரங்களாக வெவ்வேறு விதமாகச் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் பகோஓங் பற்றி. மீனில் செய்வது ஒரு வகை. வடக்கே இலோகோஸ், பங்காசினான் பக்கம் அது பிரபலம். பொடி இறாலில் செய்வது பகோஓங் அலமாங். நம்மூர்க் கூனி போன்ற சின்னஞ்சிறு இறாலை உப்போடு பிசைந்து ஜாடியில் புளிக்க வைப்பார்கள். சிங்கப்பூரில் லக்கி பிளாசாவில் இருக்கும் பிலிப்பைன்ஸ் கடைகளில் இரண்டும் கிடைக்கும். வதக்கி, சர்க்கரை சேர்த்து, அப்படியே சாப்பிடத் தயாராக இருக்கும் பாட்டில்களும் உண்டு. நான் வதக்காததைத்தான் வாங்குகிறேன், இனிப்பும் காரமும் என் கையில் இருக்கட்டும் என்று. மலாய்ச் சமையலில் சேர்க்கும் புளித்த இறால் கட்டியான பெலாச்சான் பழகியவர்களுக்கு வாசனை புதிதாக இருக்காது. ஆனால் பெலாச்சான் காய்ந்த கட்டி, இது ஈரமான விழுது. அந்த வகையில் மலாக்காவின் புளித்த பொடி இறாலான சிஞ்சாலோக்தான் இதற்கு நெருங்கிய சொந்தம்.

அந்தச் சொந்தத்தை நம்பித்தான் முட்டையில் கலந்து பார்த்தேன். சிஞ்சாலோக்கை வெங்காயத்தோடு முட்டையில் அடித்து ஊற்றினால் அருமையான ஆம்லெட் வரும். இங்கே அப்படி வரவில்லை. சுட்ட கத்திரிக்காயின் புகை மணத்தைப் பகோஓங் மூடிவிட்டது. எண்ணெய் பட்ட ஓரங்களில் பொடி இறால் சீக்கிரம் கருகி லேசாகக் கசந்தது. புகை மணம் போய்விட்டால் இந்தப் பதார்த்தத்தில் மிச்சம் என்ன இருக்கிறது?

அதனால் கவனம் முழுவதும் சுடுவதற்குத் திரும்பியது. நீளமான, ஒல்லியான ஊதாக் கத்திரிக்காய்தான் சரி. குண்டுக் காயில் உள்ளே வேகும் முன் வெளியே கரியாகிவிடும். கத்தி முனையால் இரண்டு மூன்று இடத்தில் குத்திவிட்டு, காஸ் நெருப்பில் நேரடியாக வைத்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தோல் முழுக்கக் கருகி, காய் துவண்டு, காம்பருகே அழுத்தினால் விரல் அமிழ வேண்டும். உடனே ஒரு பாத்திரத்தில் போட்டு மூடி 10 நிமிடம் விட்டால் தோல் தானாகக் கழன்று வரும். ஒட்டியிருக்கும் கரித்துகளைக் கழுவவே கூடாது, தண்ணீரோடு மணமும் போய்விடும். விரலாலேயே துடைத்து எடுக்கிறேன். காய் விடும் நீரை வடித்துவிட்டால் முட்டை நன்றாகப் பிடிக்கிறது.

காய் ஒன்றுக்கு முட்டை ஒன்று. முள்கரண்டியால் காயை விசிறிபோல விரித்து, முட்டையில் இருபுறமும் புரட்டி, சூடான எண்ணெயில் இறக்கி, தட்டில் மிஞ்சிய முட்டையையும் மேலே ஊற்றுவேன். ஓரம் பொன்னிறமாக மொறுமொறுத்ததும் திருப்ப வேண்டும். காம்பைப் பிடித்துக்கொண்டு திருப்ப வசதி. முட்டையில் உப்பே போடுவதில்லை. மிளகுத்தூள் மட்டும்.

உப்பு அனைத்தும் பக்கத்துக் கிண்ணத்தில். எண்ணெயில் நிறையப் பூண்டு, பிறகு வெங்காயம், தக்காளி. தக்காளி குழைந்ததும் பகோஓங் 3 தேக்கரண்டி, காடி (வினிகர்) 1 தேக்கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி, கீறிய மிளகாய். சிறு தீயில் எண்ணெய் பிரியும்வரை வதக்கினால் இளஞ்சிவப்பு பழுப்பாக மாறும். அந்தக் கூர்மையான வாடையும் அடங்கி, இறால் மணம் மேலே வரும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. ஒரு வாய்ச் சோறு, ஒரு துண்டு கத்திரிக்காய், கரண்டி நுனியில் கொஞ்சம் பகோஓங். முதலில் புகை தெரிகிறது, அப்புறம் முட்டை, கடைசியில்தான் உப்பும் கடலும். ஒன்று இன்னொன்றை மறைப்பதில்லை. கலமன்சி என்னும் குட்டி எலுமிச்சை பிழிந்தால் இன்னும் நன்றாக இருக்கிறது.

கெட்சப்போடும் சாப்பிட்டுப் பார்த்தேன். குழந்தைகளுக்குப் பிடிக்கும் சுவை, அதில் குறை சொல்ல மாட்டேன். வாழைப்பழ கெட்சப்பை உருவாக்கியவர் என்று போற்றப்படுபவர் மரியா ஓரோசா என்ற பிலிப்பைன்ஸ் உணவு விஞ்ஞானி. உள்ளூரில் விளைவதை வைத்தே மக்களுக்கு உணவு செய்ய வேண்டும் என்று உழைத்தவர், 1945 பிப்ரவரியில் மணிலாவில் நடந்த போரில் உயிரிழந்தார். அவருக்காகவாவது அந்த பாட்டில் எங்கள் மேஜையில் இருக்கட்டும். என் தட்டுக்குப் பகோஓங்.

அடுத்தது இலோகோஸ்காரர்களின் போக்கி போக்கி. அதே சுட்ட கத்திரிக்காயை மசித்து, தக்காளி வெங்காயத்தோடு வதக்கி, முட்டை ஊற்றிக் கிளறுவது. அதற்கென்று மீன் பகோஓங் ஒரு பாட்டில் வாங்கியாகிவிட்டது.