பெர்சர்க்கரின் கோடரியில் ரத்தம் பூசுவது எப்படி

பெர்சர்க்கர் என்ற கோடரி வீரனைப் போன்ற ஒரு மினியேச்சரில், அதாவது மேசைப் போர் விளையாட்டுக்கான சின்ன பொம்மையில், ரத்தம் காட்ட வேண்டும் என்றதும் பலரும் சாதாரணச் சிவப்பு பெயின்ட்டைத்தான் எடுக்கிறார்கள். மெஃபிஸ்டன் ரெட் போன்ற ஒன்றை வாள் நுனியில் தடவினால், குங்குமத்தைக் குழைத்து அப்பியது போல இருக்கும். சாதாரண அக்ரிலிக் பெயின்ட்டுக்குள் ஒளி புகாது, ரத்தத்துக்குள் புகும். அதனால்தான் மெல்லிசாகப் பரவிய இடத்தில் ரத்தம் பளிச்சென்ற சிவப்பாகவும், சொட்டாகத் திரண்ட இடத்தில் கிட்டத்தட்ட கருப்பாகவும் தெரிகிறது. இந்த ஏற்ற இறக்கம் தானாகவே வர வேண்டுமென்றால், பெயின்ட்டும் ஒளி புகக்கூடியதாக இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட இரண்டு பெயின்ட்டுகளைத்தான் அதிகம் பயன்படுத்துகிறோம். ஒன்று, கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் சிட்டாடல் வரிசையில் வரும் ‘பிளட் ஃபார் தி பிளட் காட்’. தண்ணீரில் கரையும், பளபளப்பாகக் காயும், டப்பாவிலிருந்து எடுத்து அப்படியே பூசலாம். இன்னொன்று, தமியா நிறுவனத்தின் எக்ஸ்-27 கிளியர் ரெட். இதில் ஆல்கஹால் கலந்திருக்கும். கெட்டியாகப் பூசினால் கண்ணாடி மாதிரி நிற்கும். ஆழம் வேண்டிய இடத்தில் இதற்கு ஈடான ஒன்று இல்லை என்பது என் கருத்து. ஆனால் கொஞ்சம் பழகினால்தான் கைக்கு அடங்கும்.

கிளியர் ரெட் டப்பாவிலிருந்து வரும்போது ஜாம் நிறத்தில் இருக்கும், அதை இருட்டாக்க வேண்டும். எட்டுத் துளி எக்ஸ்-27க்கு இரண்டு துளி எக்ஸ்-19 ஸ்மோக் சேர்த்தால் புது ரத்தத்தின் நிறம் வந்துவிடும். ஸ்மோக்கும் ஒளி புகும் பெயின்ட் என்பதால் ஆழம் கெடாது. எக்ஸ்எஃப் என்று தொடங்கும் மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட்டுகளை இதில் கலக்காதீர்கள், அவற்றில் பளபளப்பைக் கொல்லும் பொருள் இருக்கிறது. வயேஹோ போன்ற தண்ணீர் பெயின்ட்டுகளையும் கலக்கக் கூடாது. பேலட்டிலேயே தயிர் திரிவது போலத் திரிந்து கட்டி கட்டியாகிவிடும். நீர்க்க வைக்க தமியாவின் எக்ஸ்-20ஏ தின்னர்தான் சரி. நல்ல சேபிள் (விலங்கு முடி) பிரஷ்ஷை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம், பழைய செயற்கை முடி பிரஷ் போதும்.

கிளியர் ரெட்டில் அடிக்கடி நடக்கும் தப்பு, முதல் பூச்சு அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போதே இரண்டாவதைப் பூசுவது. புதுப் பூச்சிலுள்ள ஆல்கஹால் கீழே உள்ளதை இளக்கி, பிரஷ்ஷோடு சேர்த்து வழித்துக்கொண்டு வந்துவிடும். நடுவில் ஓட்டை விழும், ஓரத்தில் சுருக்கம் கட்டும். குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். அடுத்த பூச்சைத் தேய்க்காமல், துளியாக வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

ரத்தம் எப்போதும் கடைசி வேலை. முழு மினியேச்சரையும் முடித்து, மேட் வார்னிஷ் அடித்து, ஒரு நாள் காயவிட்டு, அதற்குப் பிறகுதான் ரத்தம். முதலில் ரத்தம் பூசிவிட்டு மேலே மேட் வார்னிஷ் அடித்தால் பளபளப்பு செத்து, ரத்தம் தூசி படிந்த ரோஸ் நிறத்துக்கு மாறிவிடும். முன்னாலேயே வார்னிஷ் அடிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. தெறிப்பு தப்பான இடத்தில் விழுந்தால், பத்துப் பதினைந்து நொடிக்குள் ஈர பிரஷ்ஷால் துடைத்து எடுத்துவிடலாம். தண்ணீர் பெயின்ட்டுக்கு மட்டும்தான் இது செல்லும். தமியாவைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டும், அது அடியில் இருக்கும் அக்ரிலிக்கையும் சேர்த்துக் கரைத்துவிடும். அதனால் தெறிப்புக்குத் தண்ணீர் பெயின்ட், திரட்சிக்குத் தமியா என்று பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது ரத்தத்தின் வயது. கறிக்கடையில் பாத்திரத்தில் பிடித்து வைக்கும் ஆட்டு ரத்தத்தைக் கவனித்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்திலேயே அது ஈரல் நிறத்தில் அல்வா பதத்துக்குக் கட்டியாகிவிடும். நேரம் போகப் போக ஓரத்தில் வெளிர்மஞ்சள் நீர் பிரிந்து நிற்கும். மேசையில் சிந்திய மெல்லிய கறையோ முதலில் ஓரத்தில்தான் காயும். நடுவைத் துடைத்தாலும் ஓரக்கோடு வளையமாக மிஞ்சும். நாள்பட்டால் ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து கறை பழுப்பாகிவிடும். உண்மையான ரத்தத்துக்கு இப்படி மூன்று கட்டமாவது இருக்க, மினியேச்சரில் ஒரே பளபளச் சிவப்பை எல்லா இடத்திலும் ஊற்றினால் கண் நம்பாது.

பூசும் வரிசையும் அந்த வயதுப்படிதான். முதலில் பழையது: ரைனாக்ஸ் ஹைட் என்ற கரும்பழுப்பும் கோர்ன் ரெட் என்ற கருஞ்சிவப்பும் சரிபாதி, அதற்குச் சமமாகத் தண்ணீர். கிழித்த ஸ்பாஞ்சுத் துண்டில் தொட்டு, டிஷ்யூவில் ஒற்றிவிட்டு, லேசாகத் தட்டினால் திட்டுத்திட்டாக விழும். இந்தக் கறை மேட்டாகவே இருக்கட்டும். அடுத்து அதே இடத்தின் உள்பகுதியில் மட்டும் கரோபர்க் கிரிம்சன் வாஷ், அதாவது இடுக்குகளில் போய்த் தங்கும் நீர்த்த பெயின்ட். கடைசியாக, அதற்கும் உள்ளே சின்ன இடத்தில், பளபளக்கும் புது ரத்தம். வெளியிலிருந்து உள்ளே போகப் போக ஈரம் கூடும். இந்த மூன்றையும் ஒரே அளவில் பூசிவிட்டால் பயனில்லை.

எடுத்துக்காட்டுக்கு வார்ஹாமர் 40,000 என்ற மேசைப் போர் விளையாட்டு உலகின் வேர்ல்ட் ஈட்டர்ஸ் படையில் ஒரு கோர்ன் பெர்சர்க்கரை எடுத்துக்கொள்வோம். ரத்தக் கடவுளுக்காகப் போரிடுபவன், கையில் சங்கிலி ரம்பம் பொருத்திய கோடரி. இவனுக்கு ரத்தம் பூசுவதில் ஒரு பெரிய சங்கடம் இருக்கிறது. கவசமே சிவப்பு. சிவப்பின் மேல் சிவப்பை எவ்வளவு கொட்டினாலும் இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, கவசத்தின் நிழலும் ஹைலைட்டும் மூழ்குவதுதான் மிச்சம். அதனால் ரத்தத்தை அவனுடைய உலோகப் பகுதிகளுக்கு நகர்த்த வேண்டும்: கோடரி, பித்தளை விளிம்புகள், முழங்கால் தகடு, பூட்ஸ். சிவப்புத் தகட்டில் வைத்தே ஆக வேண்டுமென்றால் நிறத்தை நம்பாதீர்கள். கவசம் மேட்டாக இருக்கட்டும், ரத்தம் கருஞ்சிவப்பாகவும் ஈரப் பளபளப்பாகவும் இருக்கட்டும். அந்தப் பளபளப்பு வித்தியாசம்தான் கண்ணுக்குத் தெரியும்.

கோடரியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ரம்பப் பற்கள் ஓடும்போது ரத்தம் அவற்றில் தங்காது, சுழலும் திசையில் விசிறி எறியப்படும். ஆகவே பற்களின் நுனியில் பழைய ரத்தத்தின் மெல்லிய படலம் போதும், அங்கங்கே உலோகம் தெரியட்டும். பற்கள் உறைக்குள் நுழையும் இடுக்கில்தான் எல்லாம் போய் அடைந்து நிற்கும். அந்த இடுக்கில் ஸ்மோக் கலந்த கிளியர் ரெட்டைத் துளித்துளியாக இரண்டு மூன்று தடவை வையுங்கள். சிறு கட்டிகள் வேண்டுமென்றால் உலர்ந்த பிக்மென்ட் (நிறமி) பொடியோ, மிக நுண்ணிய மணலோ ஒரு சிட்டிகை கலக்கலாம். உறையின் பக்கவாட்டில் விசிறிக் கோடுகள், எல்லாம் ரம்பம் ஓடும் ஒரே திசையில். அவன் கோடரியைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தால், ரத்தம் பிடி வழியாகக் கீழே இறங்கி, கையுறையின் விரல் இடுக்குகளில் தேங்கும். கீழே தொங்கவிட்டிருந்தால் நுனியில் சொட்டும். மினியேச்சர் நிற்கும் நிலையில் எது கீழ் என்று பார்த்துவிட்டுத்தான் பிரஷ்ஷை எடுக்க வேண்டும்.

தெறிப்பில் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது அளவில். 28 மி.மீ. மினியேச்சர் ஏறத்தாழ 1/56 ஸ்கேல், அதாவது நிஜ அளவில் 56ல் ஒரு பங்கு. தரையில் விழுந்து 15 மி.மீ. அகலத்துக்குப் பரவிய ஒரு நிஜச் சொட்டு, இந்த ஸ்கேலில் கால் மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டர் பொட்டு விழுந்தால் அது சொட்டு ஆகாது, நிஜத்தில் ஐந்தரை சென்டிமீட்டர் அகலக் கறை. எனவே கடினமான பழைய பிரஷ்ஷில் கொஞ்சமே பெயின்ட் எடுத்து, டிஷ்யூவில் ஒரு முறை துடைத்துவிட்டு, மினியேச்சரிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, பல்குத்தும் குச்சியால் முடியைப் பின்னோக்கி இழுத்து விடுங்கள். ஏர்பிரஷ் இருந்தால் 10 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றை மட்டும் பிரஷ் முடிமேல் ஊதலாம். இல்லையென்றால் ஒரு ஸ்ட்ரா போதும். முதல் இரண்டு தெறிப்பும் வெள்ளைத் தாளில்தான் விழ வேண்டும். பெரிய பொட்டுகள் தாளில் தீர்ந்த பிறகு மினியேச்சருக்கு வாருங்கள். முகத்தையும் கண் லென்ஸையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுங்கள்.

திசைக்குத் தடயவியலில் ஒரு கணக்கு உண்டு. சாய்வாக வந்து மோதும் சொட்டு நீள்வட்டமாகும், வால் போகும் திசையைக் காட்டும். அகலத்தை நீளத்தால் வகுத்தால் வருவது மோதிய கோணத்தின் சைன் மதிப்பு. நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்கு என்றால் 30 டிகிரி. பிரஷ் நுனியால் நாலைந்து சொட்டுகளுக்கு மட்டும் இப்படி வால் இழுத்து, எல்லா வாலும் வெட்டு விழுந்த இடத்துக்கு எதிர்ப்பக்கம் போகும்படி வைத்தால், பார்ப்பவருக்கு வீச்சே தெரிந்துவிடும்.

ஜாம்பிகளுக்குக் கணக்கு வேறு. இதயம் நின்ற உடம்பிலிருந்து ரத்தம் பீறிடாது. அவற்றின் காயங்கள் பழுப்பும் கருப்புமாக, மேட்டாக, காய்ந்திருக்க வேண்டும். வாயும் விரல் நகமும் மட்டும் ஈரமாக இருக்கட்டும், அது இரையின் ரத்தம். காயத்துக்குள்ளேயும் ஒரே சிவப்பாக அடிக்காதீர்கள். தோலின் விளிம்பில் ஊதாக் கன்றல், அதற்குள் வெளிர்மஞ்சளாகக் கொழுப்பின் மெல்லிய கோடு, பிறகு கருஞ்சிவப்புத் தசை, நடுவில் உஷப்தி போன் நிறத்தில் எலும்பின் ஒரு முனை. அந்த மஞ்சள் கோடு மயிரிழை அகலம்தான், ஆனால் அது இல்லாத காயம் வெறும் சிவப்புக் குழியாகவே நிற்கும். குடல் வேண்டுமென்றால் கிரீன் ஸ்டஃப் புட்டியை ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய நூலாக உருட்டி மடித்து வைத்து, சாம்பல் கலந்த ரோஸ் அடித்து, மடிப்பில் மட்டும் கிரிம்சன் வாஷ் விடுங்கள்.

பிளந்த தசைக்கு நடுவே இழை இழையாகத் தொங்குவதற்கு, கரைப்பான் கலந்த தெளிவான பசை வேண்டும். உஹு போன்றது சரிவரும், வெள்ளைப் பசையில் இழை வராது. அட்டையில் பட்டாணி அளவு பசை, அதில் மூன்று துளி கிளியர் ரெட், பல்குத்தும் குச்சியால் கலக்கி அரை நிமிடம் விடுங்கள். குச்சியைத் தூக்கும்போது நூல் எழுந்தால் பதம் வந்துவிட்டது. ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கத்துக்கு இழுத்து ஒட்டுங்கள். பெயின்ட் கூடினால் நூல் எழாது, நேரம் கடந்தால் சிலந்தி வலையாகிவிடும். நிறைய அப்பினால் பசையின் கரைப்பான் பிளாஸ்டிக்கையே இளக்கும், குச்சி நுனியளவோடு நிறுத்துங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

மினியேச்சர் நிற்கும் அடித்தட்டான பேஸில் ரத்தக் குட்டை வேண்டுமென்றால், ஐந்து நிமிடத்தில் இறுகும் எப்பாக்சிப் பசையில் ஒரு துளி கிளியர் ரெட். அதற்கு மேல் சேர்த்தால் எப்பாக்சி சரியாக இறுகாமல் பிசுபிசுக்கும். மணல் பேஸில் குட்டை நிற்காது, ரத்தம் மண்ணில் இறங்கிவிடும். அங்கே கருத்த ஈரக்கறை மட்டும் போட்டால் போதும், குட்டையைக் கல் தரைக்கும் உலோகத் தளத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கெட்டியான கிளியர் ரெட் மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே மென்மையாகவே இருக்கும், தொட்டால் கைரேகை விழும். இரண்டு மூன்று நாள் ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடி வையுங்கள், தூசியும் ஒட்டாது. எடுக்கும்போது பேஸைப் பிடித்து எடுங்கள்.