பெட்டி லொடலொடக்குதா? முதலில் கிளட்ச்சைப் பிடித்துப் பாருங்கள்

அலுமினியப் பெட்டி மாட்டிய டூரிங் பைக்கில் பின்னாலிருந்து லொடலொட சத்தம் வந்தால், பலரும் செய்வது கைபோன இடத்திலெல்லாம் ஸ்பாஞ்சைத் திணிப்பதுதான். ஒரு மழையில் நனைந்ததும் ஸ்பாஞ்ச் அமுங்கிப்போகும், சத்தம் திரும்பி வந்துவிடும். சத்தம் வருகிறது என்றால் எங்கோ இரண்டு பொருளுக்கு நடுவே இடைவெளி விழுந்திருக்கிறது. அது எங்கே என்று தெரியாமல் ரப்பர் வைப்பது வீண் வேலை.

ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில் 50 கி.மீ. வேகத்தில் போகும்போது கிளட்ச்சைப் பிடித்து ஆக்சிலரேட்டரை விடுங்கள். சத்தம் நின்றால் காரணம் எஞ்சின் அதிர்வு. நிற்காமல் தொடர்ந்தால் சாலை. இது ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதித் தேடல் முடிந்தது.

எஞ்சின் அதிர்வால் வரும் சத்தத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411 போன்ற ஒற்றை சிலிண்டர் வண்டியில் 3000 ஆர்பிஎம் என்றால் கிராங்க் நொடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸர் இருந்தாலும் அதிர்வு முழுசாகப் போய்விடாது. மெல்லிய தகடோ, பெட்டியைத் தாங்கும் நீளமான ஸ்டேயோ (தாங்கு கம்பி) அதே வேகத்தில் அதிரக்கூடியதாக இருந்தால், அந்த ஆர்பிஎம்மில் மட்டும் கிர்ரென்று பாடும். கொஞ்சம் ஏற்றினாலோ இறக்கினாலோ அடங்கிவிடும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் ஆர்பிஎம்மை மெதுவாக ஏற்றுங்கள். சத்தம் எழும் புள்ளியில் நிறுத்தி, இன்னொருவர் கிளவுஸ் போட்ட கையால் நம்பர் பிளேட், பெட்டி மூடி, ஸ்டே என்று ஒவ்வொன்றாக அழுத்தட்டும். சைலன்சர் பக்கம் கவனம். எதை அழுத்தும்போது சத்தம் சாகிறதோ அதுதான் ஆள். பெட்டியின் தகடு என்றால், கார் கதவுக்குள் ஒட்டும் பியூட்டைல் ஷீட்டில் 10 செ.மீ. சதுரம் வெட்டி, தகட்டின் நடுவில் உள்பக்கமாக ஒட்டினால் போதும். ஓரத்தில் ஒட்டிப் பயனில்லை, நடுவில்தான் தகடு அதிகம் அசையும்.

சாலையால் வரும் சத்தத்தைத் தேட நேரம் பிடிக்கும். ஹெல்மெட்டுக்குள் காது காட்டும் திசையை நம்ப முடியாது. நம்பர் பிளேட் அடிப்பது இடது பெட்டி அடிப்பதுபோலக் கேட்கும். ஒரே ஸ்பீட் பிரேக்கரை ஒரே வேகத்தில் நான்கு முறை கடந்து பாருங்கள்: எல்லாம் மாட்டி, டாப் பாக்ஸ் இல்லாமல், இடது இல்லாமல், வலது இல்லாமல். பிறகு வண்டியை நிறுத்தி ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் பெட்டியின் கீழ் மூலையைக் கையால் குத்தி, இன்னொரு கையை மாட்டும் கொக்கியின் மேல் வைக்கட்டும். டொக்கென்று ஒரு சின்ன இடி விரலில் தெரியும். காதைவிட விரல் சரியாகச் சொல்லும்.

பெட்டியைக் கழற்றியதும், அது மாட்டியிருந்த குழாய்ச் சட்டமான ரெயிலை வெளிச்சத்தில் பாருங்கள். கருப்பு பவுடர் கோட்டிங்கில் நகம் அளவுக்கு ஓர் இடம் மட்டும் தேய்ந்து மினுங்கும். அதைச் சுற்றி கரும்சாம்பல் நிறத்தில் தூள் படிந்திருக்கும், தொட்டால் மை மாதிரி விரலில் அப்பும். அலுமினியம் உரசி உதிர்ந்த தூள் அது. அங்கேதான் இடைவெளி. தூள் இல்லை, சந்தேகம் மட்டும் இருக்கிறது என்றால் ரெயிலில் சாக்பீஸ் தேய்த்து 10 கி.மீ. ஓட்டிவிட்டு, எங்கே அழிந்திருக்கிறது என்று பாருங்கள்.

இந்த இடைவெளிக்கு அடிக்கடி காரணமாவது குழாயின் விட்டம். ரெயில்கள் 16 மி.மீ., 18 மி.மீ. என இரண்டு அளவிலும் கிடைக்கின்றன. 18-க்கான கொக்கியை 16-ல் மாட்டினால் 2 மி.மீ. ஆட்டம் இருக்கத்தான் செய்யும். வெர்னியர் காலிப்பர் வைத்துக் குழாயின் விட்டத்தை அளந்துவிடுங்கள். நிரப்புவதற்குச் சைக்கிள் டியூபைவிட நல்ல பொருள் நான் பார்த்ததில்லை. சுமார் 1 மி.மீ. தடிமன், தண்ணீர் குடிக்காது, பஞ்சர் கடையில் சும்மாவே கிடைக்கும். உள்ளே இருக்கும் பவுடரைக் கழுவிக் காயவைத்து, டியூபிலும் ரெயிலிலும் பஞ்சர் சொல்யூஷன் தடவி, பிசுபிசுப்பு போகும்வரை ஐந்து நிமிடம் விட்டு, பிறகு ஒட்டி அழுத்துங்கள். ஈரமாக ஒட்டினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடலாமே என்று தோன்றும். ஆனால் ரெயில் இரண்டு முனையும் வெல்டிங் செய்த வளையம், அதற்குள் நுழைக்க வழியில்லை.

அதற்காகத் தடிமனாக வைத்துவிடாதீர்கள். பெட்டியை மாட்டிப் பூட்டும்போது உள்ளங்கை அழுத்தத்திலேயே லாக் விழ வேண்டும். உதைத்துத்தான் பூட்ட முடிகிறது என்றால் லாக் பாதியில் நிற்கிறது, ஒரு பள்ளத்தில் பெட்டி கழன்று விழும்.

அடுத்து போல்ட்டுகள். 8.8 தரத்தில் எம்6 (6 மி.மீ.) போல்ட்டுக்கு இறுக்கும் முறுக்கு விசை சுமார் 10 நியூட்டன் மீட்டர், எம்8-க்கு சுமார் 25. வண்டியின் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு. மரையை பெட்ரோலால் துடைத்துக் காயவிட்டு, போல்ட் தானாகக் கழலாமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் 243 ஒரு சொட்டு. முழுசாக இறுக 24 மணி நேரம் ஆகும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் டாப் பாக்ஸின் அடித்தட்டு போல்ட்டுக்கு மட்டும் லாக்டைட் வேண்டாம். பிளாஸ்டிக்கில் பட்டால் துளையைச் சுற்றி முடிபோல விரிசல் விடும். அங்கே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டும் அகலமான வாஷரும்தான் சரி.

மூடி அடிக்கிறதா என்று பார்க்க ஒரு துண்டுக் காகிதம் போதும். ரப்பர் பீடிங்குக்கும் மூடிக்கும் நடுவே வைத்துப் பூட்டி இழுங்கள். சுலபமாக வந்தால் அந்தப் பக்கம் அழுத்தம் இல்லை. மழைத்தண்ணீரும் அந்த வழியாகத்தான் வரும்.

பூட்டில் தொங்கும் சாவிக்கொத்து, பை பட்டைகளின் பக்கிள், ஸ்பேனர் பொட்டலம் இவை ஐந்து நிமிட வேலை. ஸ்பேனர்களைப் பழைய லுங்கித் துணியில் ஒவ்வொன்றாகச் சுருட்டி, பெட்டியின் அடியில், சக்கரத்தை ஒட்டிய பக்கம் வையுங்கள்.

எல்லாம் சரிசெய்தும் கனமான டக் டக் கேட்டால், ஸ்டே வெல்டிங்கைத் தேடுங்கள். பெயின்ட்டில் மெல்லிய கோடும், அதிலிருந்து துருவும் கசிந்திருந்தால் அது விரிசல். அதற்கு ரப்பர் மருந்தல்ல. பெட்டியைக் கழற்றிவிட்டு, வெல்டிங் செய்தபிறகுதான் மறுபடி பாரம் ஏற்ற வேண்டும். ஸ்டேயை வண்டியில் வைத்தே வெல்டிங் செய்ய விடாதீர்கள், கழற்றிக் கொடுங்கள். இசியூவும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) வயரிங்கும் அந்த கரன்ட்டைத் தாங்காமல் போகலாம்.