டிஸ்னி வேர்ல்டில் அம்மாவோடு: ஜூன் நாட்குறிப்பு

ஜூன் 8, ஞாயிறு, கிஸிமி

அட்லாண்டாவிலிருந்து காலையில் கிளம்பி மாலை வெளிச்சம் இருக்கும்போதே டிஸ்னி வேர்ல்டுக்குப் பக்கத்து ஊரான கிஸிமிக்கு வந்து சேர்ந்துவிட்டோம். வாடகை வீடு, அடுப்பும் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் இருக்கிறது, பின்னால் சின்னதாக ஒரு நீச்சல் குளம். ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கும்போது ஓட்டல் அறையைவிட இதுதான் நல்லது என்று யார் கேட்டாலும் சொல்வேன். அம்மாவுக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும், அதுவும் வயிற்றுக்குப் பழகின சாப்பாடாக இருந்தால்தான் பகல் முழுக்கத் தெம்பாக இருப்பார்.

டிஸ்னி வேர்ல்ட் என்றால் ஒரு பார்க் என்றுதான் அம்மா நினைத்திருந்தார். நாலு பெரிய பார்க், மொத்த இடம் ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர் என்றதும் கொஞ்சம் யோசித்தார். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சாதாரணமாக நடந்துவிடுவோம், அதுவும் ஃப்ளோரிடாவின் ஜூன் மாதப் புழுக்கத்தில். அதனால் வெளிக்கடை ஒன்றில் மடக்கு சக்கர நாற்காலி ஒன்றை வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து வந்தோம். அம்மா அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. "திருச்செந்தூருக்கே நடந்து போனவ நான், எனக்கு எதுக்குட்டி வண்டி?"

சரி, பாத யாத்திரையில எப்படிம்மா நடந்தீங்க என்று கேட்டேன். விடியக்காலம் மூணு மணிக்குக் கிளம்பி வெயில் ஏறும்வரை நடப்பார்களாம், பத்து மணிக்கெல்லாம் ஏதாவது சத்திரத்திலோ புளியமரத்தடியிலோ படுத்துவிட்டுச் சாயங்காலம்தான் மறுபடி காலை எடுத்து வைப்பார்களாம். இங்கேயும் அதையே செய்வோம் என்றேன். அம்மாவுக்கு அது பிடித்துப்போனது. வண்டியையும் காரில் ஏற்றச் சம்மதித்தார், "பையி வைக்க ஆகும்" என்று.

ஜூன் 9, திங்கள், மேஜிக் கிங்டம்

1971-இல் திறந்த முதல் பார்க் இதுதான். காரை நிறுத்திவிட்டு நேரே உள்ளே நுழைய முடியாது, நிறுத்துமிடத்திலிருந்து ஏரியைத் தாண்டப் படகோ, ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடுகிற மோனோரயிலோ பிடிக்க வேண்டும். அதனால் எட்டு மணிக்கே அங்கே இருந்தோம். திறந்த முதல் இரண்டு மணி நேரத்தில் வெயிலும் குறைவு, வரிசையும் குறைவு. பிள்ளைகள் ஆசைப்பட்டதில் பாதி அப்போதே முடிந்துவிட்டது. பெரியவன் ஏறுகிற ரோலர் கோஸ்டருக்குச் சின்னவளின் உயரம் போதாது. அதற்கு ரைடர் ஸ்விட்ச் என்று ஒரு வசதி இருக்கிறது. ஒருவர் சின்னவளோடு வெளியே நிற்கலாம், மற்றவர் இறங்கி வந்ததும் அந்த முழு வரிசையில் நிற்காமல் போய் ஏறிக்கொள்ளலாம். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் இதை அவசியம் கேட்டு வாங்க வேண்டும்.

பதினோரு மணிக்குத் தயிர் சாதமும் எலுமிச்சை ஊறுகாயும். வெளிச்சாப்பாடு உள்ளே கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரமும் உதிரி ஐஸ் கட்டியும் மட்டும் கூடாது, அதனால் ஜெல் பொட்டலங்களை உறைய வைத்துப் பையில் அடுக்கியிருந்தேன். தண்ணீருக்குக் காசு கொடுக்கவே வேண்டாம், கவுன்ட்டர் உணவகங்களில் கேட்டால் ஐஸ் போட்ட தண்ணீரை டம்ளரில் இலவசமாகத் தருகிறார்கள். ஆனால் வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. பிள்ளைகளுக்கு உப்புப் போட்ட மோர் ஒரு குடுவை நிறைய வைத்திருந்தேன்.

அப்புறம் பன்னிரண்டு மணிக்கு எல்லாரையும் வெளியே கூட்டி வந்துவிட்டேன். வீட்டுக்குப் போய்த் திரும்புவதென்றால் இரண்டு மணி நேரம் வழியிலேயே போய்விடும். ஆனால் மோனோரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தமே கன்டெம்ப்ரரி ஓட்டல், ரயில் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே நுழைந்து நிற்கிறது. உள்ளே நல்ல குளிர், உட்கார இடம், சுத்தமான கழிப்பறை, குடிக்க ஒரு காபி. நடுவில் பல மாடி உயரத்துக்கு டிஸ்னியின் ஓவியர் மேரி பிளேர் செய்த டைல்ஸ் சித்திரம் ஒன்று எழும்பி நிற்கிறது, அதில் ஐந்து கால் உள்ள ஒரு ஆடு. பெரியவன் அதைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் சின்னவள் பாட்டி மடியில் தூங்கிவிட்டாள். எழுப்பாமல் ஒன்றரை மணி நேரம் விட்டோம்.

திரும்பிய கொஞ்ச நேரத்தில் இடி. இந்த மாதங்களில் மத்தியான மழை இங்கே வாடிக்கை, மின்னல் என்றால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். நாங்கள் கேரசல் ஆஃப் பிராக்ரஸில் போய் உட்கார்ந்தோம். 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்தது, மேடை அப்படியே நிற்க நாம் உட்கார்ந்திருக்கும் இருக்கைகள்தான் சுற்றி நகர்கின்றன. இரும்பு அடுப்புக் காலத்திலிருந்து ஒரு குடும்பத்தின் வீடு மாறிக்கொண்டே வருவதை அம்மா அவ்வளவு கவனமாகப் பார்த்தார். இருபது நிமிடக் குளிர், கால்களுக்கும் ஓய்வு. மழையில் பாதிக் கூட்டம் வீட்டுக்குப் போயிருந்தது, அதற்குப் பிறகு எங்கேயும் நெரிசல் இல்லை. சாயங்காலம் அம்மா தானாகவே வண்டியில் உட்கார்ந்துகொண்டார், சின்னவளையும் மடியில் வைத்துக்கொண்டு.

ஜூன் 10, செவ்வாய், வீடு

இன்றைக்கு எந்தப் பார்க்கும் இல்லை. டிக்கெட் எடுக்கும்போதே நடுவில் ஒரு நாளை இதற்காக விட்டிருந்தோம். இவ்வளவு செலவு பண்ணிவிட்டுச் சும்மா உட்காருவதா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், என்னைப் பொறுத்தவரை அந்தச் செலவுக்குப் பலன் கிடைப்பதே இந்த நாளால்தான். தோசை, துணி துவைப்பு, குளத்தில் பிள்ளைகள்.

நேற்று இரவு எல்லார் காலையும் பார்த்தேன். பெரியவனுக்கு ஒன்றும் இல்லை, தொடை உரசலுக்கு மட்டும் தேங்காய் எண்ணெய். அம்மாவின் இடது குதிகால் ஓரத்தில் எட்டணா அளவுக்குச் சிவந்து, நடுவில் தோல் லேசாக எழும்பியிருந்தது. வலிக்குதா என்றால் "எங்கே?" என்கிறார். சர்க்கரை உள்ளவர்களுக்கு இதுதான் பயம், பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோனால் கொப்புளம் வந்ததே தெரியாது, தெரியாமல் அதன்மேலேயே நடந்து புண்ணாக்கிக்கொள்வார்கள். கொப்புளத்தை உடைக்காமல் கழுவித் துடைத்து மெத்தென்ற பிளாஸ்திரி ஒட்டினேன். நல்லவேளை, பழகின ஷூ இன்னொரு ஜோடி கொண்டுவந்திருந்தோம், அது அந்த இடத்தில் உரசாது. இனி காலையிலும் இரவிலும் கால் பார்ப்பது என் வேலை.

ஜூன் 11, புதன், அனிமல் கிங்டம்

நாலு பார்க்கில் பரப்பில் பெரியது இதுதான், 1998-இல் திறந்தது. மரம் நிறைய, ஆனால் காற்று அசைவதில்லை, ஏசி உள்ள இடமும் குறைவு. கதவு திறக்கும்போதே போய் முதலில் சஃபாரி. காலை நேரத்தில் மிருகங்களும் சுறுசுறுப்பாக இருக்கும், ஒட்டகச்சிவிங்கி நாங்கள் உட்கார்ந்திருந்த சஃபாரி டிரக்கை ஒட்டி நடந்து போனது.

பதினோரு மணி வாக்கில் சின்னவள் பேச்சை நிறுத்தினாள். கன்னம் சிவந்து, ஐஸ்கிரீம் வேண்டுமா என்றால்கூடத் தலையை ஆட்டுகிறாள். பிள்ளைகள் அழுதால்கூடப் பரவாயில்லை, இப்படி அடங்கிப்போனால் உடனே நிழலுக்குக் கொண்டுபோக வேண்டும். லயன் கிங் விழா நடக்கிற அரங்கு பக்கத்திலேயே இருந்தது, உள்ளே குளிர்ச்சி. கழுத்தில் ஈரத்துண்டு, மடக்கு மடக்காக மோர். அரை மணி நேர நிகழ்ச்சி முடிவதற்குள் கைதட்ட ஆரம்பித்துவிட்டாள். வாந்தி, தலைசுற்றல் என்று ஏதாவது இருந்திருந்தால் நேராக முதலுதவி நிலையத்துக்குப் போயிருப்போம், ஒவ்வொரு பார்க்கிலும் ஒன்று இருக்கிறது, எங்கே என்று நுழையும்போதே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. ஒரு மணிக்கெல்லாம் வீடு. இன்னும் பார்க்காதது பாக்கி இருந்தது, இருக்கட்டும்.

ஜூன் 12, வியாழன், எப்காட்

இன்றைக்குத் தலைகீழாக, மாலை நாலு மணிக்குத்தான் போனோம். காலை முழுக்கத் தூக்கம், மத்தியானம் சாம்பார் சாதம்.

முதலில் லிவிங் வித் த லேண்ட். படகில் உட்கார்ந்தபடியே பசுமைக்குடிலுக்குள் போகிறோம், மண்ணில்லாமல் வளர்க்கிற தக்காளியும் வெள்ளரியும் இருபுறமும். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் உழுதவர் அம்மா, வேர் தண்ணீரில் தொங்குவதைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிடுவார் போலிருந்தது. வரிசை இல்லை, அதனால் இன்னொரு தடவையும் போனோம்.

ஏரியைச் சுற்றிப் பதினோரு நாடுகளின் அரங்குகள், முழுச் சுற்று ஏறத்தாழ 2 கிலோமீட்டர். சுற்ற வேண்டும் என்று கட்டாயமில்லை, ஏரிக்குக் குறுக்கே படகு போகிறது. ஜெர்மனி பக்கம் இறங்கி, இத்தாலி தாண்டி, அமெரிக்க அரங்கில் அரை மணி நேரம் ஏசியில் உட்கார்ந்து, ஜப்பான் வரைக்கும் நடந்தோம். மீதி நாடுகளைக் கரையிலிருந்தே பார்த்தாயிற்று. இரவு வாணவேடிக்கை முடிந்ததும் மொத்தக் கூட்டமும் வாசலுக்குப் பாய்கிறது, நாங்கள் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அம்மாவுக்குப் பிஸ்கட், பிள்ளைகளுக்கு வாழைப்பழம், வழி காலியானதும் கிளம்பினோம்.

கால் பார்த்தேன், கொப்புளம் வற்றியிருக்கிறது. நாலாவது பார்க்கான ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கு டிக்கெட்டே எடுக்கவில்லை. வீடு சனிக்கிழமை காலை வரை எங்களிடம்தான், நாளைக்கு யாரையும் எழுப்பப் போவதில்லை. அட்லாண்டா வரைக்கும் ஏழு மணி நேரம் கார் ஓட்டப் போகிறவருக்கும் அந்தத் தூக்கம் வேண்டும்.