ஒரு வாய் தண்ணீர்

மார்ச் 4
ரத்தத்தில் சோடியம் 118. அம்மா என்னைச் சித்தி என்று கூப்பிட்டாள்.

மார்ச் 5
சோடியம் குறைந்தால் உப்பைக் கூட்டிக் கொடுக்க வேண்டியதுதானே என்று டாக்டரிடம் சண்டை போட்டேன். ரிப்போர்ட்டைத் திருப்பிக் காட்டினார். சிறுநீரில் சோடியம் 62. "உப்பு இல்லாமல் இல்லைம்மா, தண்ணீர் கூடிவிட்டது." இனி நாளுக்கு 800 மில்லிதான். மாத்திரை விழுங்கும் தண்ணீரும் அதில் சேர்த்தி.

மார்ச் 6
தூக்கம் இல்லை. அந்த 62 உறுத்துகிறது. ரத்தத்தில் இல்லாத உப்பு சிறுநீர் ஜாடியில் எப்படி?

வாசோபிரசின் என்ற ஹார்மோன். ஒன்பதே அமினோ அமிலம். ரத்தம் நீர்த்துப்போனால் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி இதை நிறுத்திவிட வேண்டும். அம்மாவுக்கு நிற்கவில்லை. சிறுநீரகத்தின் சேகரிப்புக் குழாய்ச் செல்களுக்குள் அக்வாபோரின் என்ற நீர்க்கதவுகள் பதுங்கியிருக்குமாம். ஹார்மோன் வந்து தட்டியதும் மேலே வந்து பொருந்திக்கொள்ளும். வெளியே போக வேண்டிய தண்ணீர் அந்த வழியாக ரத்தத்துக்கே திரும்பிவிடும்.

சரி, தண்ணீர் தங்கியது புரிகிறது. உப்பு?

தண்ணீர் சேரச் சேர இதயத்தின் மேலறைகள் இழுபடுகின்றன. உடனே அவையும் ஒரு ஹார்மோனை விடுகின்றன, 28 அமினோ அமிலம் கொண்டது. உப்பை வெளியே தள்ளு என்பதுதான் அதன் உத்தரவு. 1981இல் டி போல்டு என்ற ஆராய்ச்சியாளர் எலி இதயத்தின் மேலறையை அரைத்து, சாற்றை வேறு எலிகளுக்கு ஏற்றினார். அவை உப்பும் நீருமாகக் கொட்டித் தீர்த்தன. அதுவரை இதயம் என்றால் வெறும் பம்ப்.

ஆக, தலை தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, நெஞ்சு உப்பைக் கொட்டுகிறது. சிறுநீரகம் பாவம், இரண்டு பேர் சொன்னதையும் அப்படியே செய்திருக்கிறது. மூன்று நாளாக அதைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 7
ஜாடியில் 350 மில்லி. அடர் மஞ்சள். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தேன். பஞ்சைப் பல்லால் கவ்விக்கொண்டு விடவே இல்லை. என் விரலில் பல் தடம்.

மார்ச் 8
121. மூன்றுதானா என்று அழுதேன். வேகமாக ஏறவும் கூடாதாம், ஒரு நாளில் எட்டைத் தாண்டினால் மூளைத்தண்டில் நரம்புறை சிதையலாம். இப்போது ஏறிவிடுமோ என்று பயம்.

மார்ச் 9
பார்க்க வந்தவர்கள் தண்ணீர் பாட்டிலை மேசையிலேயே விட்டுப் போயிருக்கிறார்கள். எடுத்து ஒளித்து வைத்தேன். அம்மா பார்த்துவிட்டாள். பேசவில்லை.

மார்ச் 10
124. ஜாடியில் 900, நிறம் வெளுத்திருக்கிறது. நர்ஸ் வருவதற்குள் இரண்டு தடவை அளந்துவிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், என் பெயர்தான். தண்ணீர் கேட்க.

மார்ச் 11
ரத்தம் எடுத்துப் போயிருக்கிறார்கள். பதினொரு மணிக்குள் ரிப்போர்ட் வந்துவிடும் என்றார்கள்.