சக்கர நாற்காலி டென்னிஸ்: முதல் 16 வாரங்கள்

மட்டையைப் பிடித்திருக்கும் கையாலேயே சக்கரத்தையும் தள்ள வேண்டும். சக்கர நாற்காலி டென்னிஸில் நான் கற்ற முதல் பாடம் இதுவே. 16 வாரங்கள் கடந்த பிறகும் இதையேதான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன். மார்புப் பகுதியின் 10ஆம் முள்ளெலும்பு மட்டத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டதால் எனக்குத் தொப்புளுக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லை. கைகளும் தோள்களும் முழு வலிமையுடன் இருக்கின்றன. ஆனால் உடலை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டு மீண்டும் நிமிர்த்துவதற்கு இடுப்புத் தசைகளின் துணை கிடைப்பதில்லை. இதே நிலையில் இந்த விளையாட்டைத் தொடங்க நினைப்பவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் நடந்தவற்றைக் குறித்து வைக்கிறேன்.

களத்தின் அளவிலோ வலையின் உயரத்திலோ எந்த மாற்றமும் இல்லை. பந்து இரண்டு முறை தரையில் பட்டு எழலாம், இரண்டாவது முறை அது எல்லைக்கோட்டுக்கு வெளியே விழுந்தாலும் ஆட்டம் தொடரும் என்பதுதான் முக்கியமான வேறுபாடு. நாற்காலி உடலின் ஒரு பகுதியாகக் கருதப்படுகிறது. ஆகவே ஆட்டத்தில் இருக்கும் பந்து நாற்காலியின் சட்டத்தில் பட்டாலும் புள்ளி எதிராளிக்கே போய்விடும். பனிச்சறுக்கு விளையாட்டில் காயமடைந்து நடக்க இயலாமல் போன அமெரிக்கரான பிராட் பார்க்ஸ் 1976இல் இந்த விளையாட்டுக்கு வித்திட்டார். 1992ஆம் ஆண்டின் பார்சிலோனா பாராலிம்பிக்கில் இது பதக்கத்துக்குரிய விளையாட்டாயிற்று.

முதல் இரண்டு வாரங்கள் பந்தே இல்லாமல் கழிந்தன. மட்டையின் பிடியை உள்ளங்கைக்கும், சக்கரத்தின் வெளிப்புறம் உள்ள தள்ளும் வளையத்துக்கும் நடுவே அழுத்தி, உள்ளங்கையின் அடிப்பகுதியால் வளையத்தை முன்னோக்கி உந்த வேண்டும். வெறுங்கையால் தள்ளும் இடக்கையின் உந்துதல் வலுவாகவும் மட்டையோடு தள்ளும் வலக்கையின் உந்துதல் தளர்வாகவும் இருந்ததால் நாற்காலி ஒவ்வொரு முறையும் வலப்பக்கமாகவே வளைந்து ஓடியது. இடக்கையின் வலிமையைக் குறைத்து நேர்செய்ய முயன்றபோது பயிற்சியாளர் தடுத்தார். அப்படிச் செய்தால் வேகம் போய்விடும் என்றும், வலக்கையின் தள்ளலைக் குட்டையாகவும் அடிக்கடியும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் விளக்கினார். 20 மீட்டர் தூரத்தை மட்டையுடன் கடக்க முதல் வாரத்தில் 9.4 நொடிகள் ஆயின. 16ஆம் வாரத்தில் 7.6 நொடிகள். கட்டைவிரலின் அடியில் வந்த கொப்புளங்கள், ஒட்டுப்பட்டை சுற்றத் தொடங்கிய பிறகு நின்றன.

மூன்றாம் வாரத்தில் ஆட்டத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று, அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பயிற்சிக்களத்தில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருந்த விளையாட்டு நாற்காலியின் இருக்கை என் இடுப்பைவிட அகலமாக இருந்தது. நான் உடலைத் திருப்பினால் உடல் மட்டும் நகர்ந்தது. நாற்காலி ஒரு கணம் தாமதித்தே திரும்பியது. அந்த இடைவெளியில் தோல் இருக்கையோடு உராய்ந்துகொண்டே இருந்திருக்கிறது. உணர்வு இல்லாத இடம் என்பதால் எனக்கு அது தெரியவில்லை. இரவில் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது உட்காரும் எலும்பின் மேலே சிவப்புத் தடம் ஒன்று இருந்தது. அழுத்தத்தை நீக்கி அரைமணி நேரம் படுத்திருந்தும் அது மறையவில்லை. எட்டு நாட்கள் நாற்காலியில் ஏறாமல் காத்திருந்தேன். திரும்பி வந்ததும் இடுப்பின் இருபுறமும் அடர்த்தியான நுரைப்பஞ்சு வைத்து இடைவெளியை அடைத்தேன். தொடையின் மேலும் இடுப்பிலும் பட்டைகளை இறுக்கிக் கட்டினேன். தோல் காக்கப்பட்டதோடு, உடல் திரும்பும் அதே கணத்தில் நாற்காலியும் திரும்பத் தொடங்கியது. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் தோலைப் பார்ப்பது இப்போது மட்டையை உறையில் போடுவதைப் போன்ற வழக்கமாகிவிட்டது.

இனி, இந்த விளையாட்டின் உயிர்நாடி என்று நான் கருதும் சுழற்சிக்கு வருகிறேன். வலப்பக்கம் ஓடிப் பந்தை அடித்த பிறகு நடுப்பகுதிக்குத் திரும்ப இரண்டு வழிகள் உள்ளன. வலையை நோக்கி உள்பக்கமாகத் திரும்பினால் பந்து கண்ணைவிட்டு அகலாது. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலி வலையை நெருங்கிக்கொண்டே போகும், அடுத்த பந்து ஆழமாக வந்தால் பின்வாங்க வழியிருக்காது. வலைக்கு முதுகைக் காட்டி வெளிப்பக்கமாகத் திரும்பினால், களத்தின் பின் எல்லையான அடிக்கோட்டுக்குச் சில மீட்டர் பின்னால் உள்ள நடுப்புள்ளிக்கு வேகம் குறையாமலேயே வந்துசேரலாம். காலால் ஆடுபவர் பக்கவாட்டில் நகர முடியும். நாற்காலியால் அது இயலாது. நின்றுவிட்ட நாற்காலியை மீண்டும் ஓடவைப்பதற்கே மிகுந்த ஆற்றல் வேண்டும் என்பதால், சக்கரங்கள் ஓயாமல் உருண்டுகொண்டிருக்க வேண்டும்.

இந்தக் காரணத்தை முதல் நாளே புரிந்துகொண்டேன். உடல் ஏற்றுக்கொள்ள ஏழு வாரங்கள் ஆயின. எதிராளி பந்தை அடிக்கப்போகும் நேரத்தில் அவருக்கு முதுகு காட்டுவதற்கு மனம் எளிதில் இணங்குவதில்லை. நெதர்லாந்தின் சக்கர நாற்காலி டென்னிஸ் வீராங்கனை எஸ்தர் வெர்கீர் ஒற்றையர் பிரிவில் தொடர்ந்து 470 ஆட்டங்களில் தோல்வியே காணாதவர். அவருடைய ஆட்டப் பதிவுகளைப் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டுச் சக்கரங்களை மட்டுமே கவனித்தேன். பந்து தன் மட்டையைவிட்டுப் பிரிந்ததுமே அவருடைய நாற்காலி திரும்பத் தொடங்கிவிடுகிறது. தலை மட்டும் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பந்தைத் தேடுகிறது. நான் அடித்த பந்து எங்கே விழுகிறது என்று பார்த்து முடித்த பிறகே திரும்பினேன். என் தாமதம் முழுவதும் அங்கேதான் இருந்தது. அதன்பின் இரண்டு கூம்புகளை நட்டு, எட்டு என்ற வடிவில் நாள்தோறும் 20 சுற்றுகள் ஓட்டினேன். பத்தாம் வாரத்தில், தொடர்ந்து 11 முறை பந்தைத் திருப்பியனுப்பிய ஓர் ஆட்டத்தில், ஆறு முறை வெளிப்பக்கம் திரும்பியிருந்ததைப் பதிவைப் பார்த்த பிறகே அறிந்தேன். அன்று அடைந்த மகிழ்ச்சி இதை எழுதும்போதும் குறையவில்லை.

இரண்டு துள்ளல்கள் கிடைப்பதால் நேரம் மிகுதியாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். மேல்சுழலுடன், அதாவது முன்னோக்கிச் சுழன்றபடி வரும் பந்து முதல் துள்ளலுக்குப் பிறகு வெகுதூரம் பின்னால் போய்விடுகிறது. அதைத் துரத்திப் போனால் களத்தின் பாதி திறந்து கிடக்கிறது. எனவே எட்டக்கூடிய பந்தை முதல் துள்ளலிலேயே எடுக்கப் பழகிவருகிறேன். பேக்ஹேண்ட் பக்கம், அதாவது மட்டை பிடிக்காத கையின் பக்கம் வரும் உயரமான பந்துக்கு மணிக்கட்டைத் திருப்பி, ஃபோர்ஹேண்டில் பந்தைத் தொடும் மட்டையின் அதே முகத்தால் மேல்சுழல் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. பத்துப் பந்துகளில் மூன்றோ நான்கோ மட்டுமே எனக்கு வலையைத் தாண்டுகின்றன. தோள் வலி தலைகாட்டியதால் இந்தப் பயிற்சியை ஒரு நாளைக்கு 15 நிமிடங்களோடு நிறுத்திக்கொள்கிறேன். அன்றாட வாழ்க்கை முழுவதையும் தோள்களே தாங்கும்போது அவற்றை இதற்காகப் பணயம் வைக்க முடியாது.

என்னோடு பயிற்சி செய்யும் ஒருவருக்குக் கழுத்துப் பகுதியில் பாதிப்பு. விரல்களால் இறுகப் பிடிக்க முடியாததால் மட்டையைக் கையோடு ஒட்டுப்பட்டையால் கட்டிக்கொள்கிறார். உடல் போதுமான அளவு வியர்க்காததால் ஆட்டத்தின் இடையிடையே முகத்திலும் கைகளிலும் தண்ணீர் தெளித்துக்கொள்கிறார். அவர் போன்றோர் ஆடும் குவாட் பிரிவு 2004ஆம் ஆண்டின் ஏதென்ஸ் பாராலிம்பிக்கிலிருந்து நடைபெறுகிறது. என்னைவிட மெதுவாக ஓடும் அவர், பந்து வரும் திசையை என்னைவிட முன்னதாகவே கணித்துவிடுகிறார். அவரிடம் நான் இதுவரை ஒரு செட்கூட வென்றதில்லை.

சொந்த நாற்காலிக்கு நேற்று அளவெடுத்தாயிற்று. இருக்கையின் அகலம் இடுப்பை ஒட்டி 36 சென்டிமீட்டர். சக்கரங்களின் சாய்வு 18 பாகை. சாய்வு கூடினால் திரும்புவது எளிதாகும், பக்கவாட்டில் கவிழும் அச்சமும் குறையும். இருக்கையின் பின்பகுதியைத் தாழ்த்தினால் உடல் உறுதியாக நிற்கும், ஆனால் எட்டும் உயரம் குறையும். ஐந்து சென்டிமீட்டர் தாழ்த்தலாம் என்றார் பயிற்சியாளர். சர்வீஸ் செய்யும்போது உயரம் வேண்டும் என்பதால் நான் நான்கு போதும் என்று சொல்லியிருக்கிறேன். வந்ததும் 20 மீட்டர் ஓட்டத்தை மறுபடி அளந்து எழுதுகிறேன்.