ஈரப்பதன் 14க்கு மேல் என்றால் காயவிடு

கிளிநொச்சிப் பக்கம் ஒரு நெல் கொள்வனவு நிலையத்துக்கு மென்பொருள் செய்ய ஒப்புக்கொண்டபோது, நான் முதலில் வரைந்தது பிபிஎம்என் படம். வேலை ஓட்டங்களை வரைவதற்கென்றே உள்ள குறியீட்டு முறை அது. 2013இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. வட்டம், பெட்டி, சாய்சதுரம் எல்லாம் போட்டு, பெரிய தாளில் அச்செடுத்து, களஞ்சியம் பார்க்கும் அக்காவிடம் கொடுத்தேன். "வடிவாய் இருக்குது தம்பி" என்றார். ஒரு பிழைகூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

சரி, அவர் வாசித்துத் திருத்தக்கூடிய ஒரு சின்ன நிரல்மொழியை நாமே எழுதுவோம் என்று இறங்கினேன்.

ஈரப்பதன் 14 வீதத்தைத் தாண்டிய நெல்லைக் காயவிடச் சொல்லும் வரி, முதல் வடிவத்தில் "என்றால் ஈரப்பதன் > 14 காயவிடு" என்று வந்தது. சொல் எல்லாம் தமிழ், நடை தமிழில்லை. அக்கா வாசிக்கத் திணறினார். நிபந்தனையை முன்னால் வைத்து வினையைக் கடைசிக்குக் கொண்டுபோனேன்: "ஈரப்பதன் 14க்கு மேல் என்றால் காயவிடு." அவருக்கும் சுகம், வரியைப் பிரித்து விளங்கிக்கொள்ளும் பார்சருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை.

வேற்றுமை உருபுதான் படுத்தியது. பணம் பணத்தை ஆகிறது, நெல் நெல்லை ஆகிறது. இவற்றை வெட்ட விதி எழுதியே இரண்டு கிழமை போனது. பிறகுதான் உறைத்தது: நாங்கள் பேசும்போது "பணம் கொடு", "மூடை நிறு" என்றுதானே சொல்கிறோம்? ஐ உருபையே தூக்கிவிட்டேன். ஆளைக் குறிக்க, 'அக்காவிடம்' என்பதில் வரும் 'இடம்' மட்டும் மிஞ்சியது.

இன்னொரு நாள் 'கொள்வனவு' என்ற படியைக் காணவில்லை என்று பிழை வந்தது. திரையில் இரண்டு கோப்பிலும் அதே சொல்தான். எழுத்துகளைக் கணினி சேமிக்கும் குறியெண்களாக ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், ஒன்றில் 'கொ'வின் உயிர்க்குறி ஒரே எண். மற்றதில் கொம்பும் அரவும் தனித்தனி எண்கள். அந்த எண்களை வகுக்கும் யூனிகோட் தரம் இரண்டையும் சமம் என்றுதான் சொல்கிறது, என் நிரல்தான் அப்படிப் பார்க்கவில்லை. கோப்பை வாசித்தவுடன், இப்படிப் பிரிந்தவற்றை ஒரே எண்ணாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றியதும் சரியானது. நிரலுக்குள் தமிழில் மாறிப்பெயர் (மதிப்புகளுக்கு இடும் பெயர்) வைக்க விரும்பும் எவரும் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

எழுத்து வடிவத்தை அக்கா சத்தமாக வாசித்தார். நாலாவது வரியில் நின்றார். "காயவிட்டுக் கொண்டுவாறவைக்கு ஏன் திரும்ப நம்பர்? நேரே என்னட்டத்தானே வருவினம்." படத்தில் அந்த அம்பு வரிசையின் தொடக்கத்துக்குத்தான் போனது. அவர் கண்ணுக்கு அது படவே இல்லை. வரியாக வந்ததும் பட்டது.

காயப்போன நெல் திரும்பிவர மூன்று நாளும் ஆகும், மழை பெய்தால் இன்னும் கூடும். அதுவரை அந்த வேலை எங்கே இருக்கும்? நான் நினைவகத்தில் வைத்திருந்தேன். ஒரு பின்னேரம் கரண்ட் போனது, காத்திருந்த அத்தனை பேரின் பதிவும் போனது. அக்காவின் கொப்பியைப் பார்த்துத் திரும்ப ஏற்றினோம். அன்றிலிருந்து ஒவ்வொரு படியும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளக் கோப்பில் எழுதப்பட்ட பிறகே அடுத்த படி தொடங்கும்.

இன்னொரு விதியும் சேர்த்தேன்: 'காத்திரு' என்று எழுதினால் கெடுவும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் மொழி அந்த வரியை ஏற்காது. 7 நாள் என்று நானே போட்டிருந்தேன். அக்கா தலையை ஆட்டினார்: "வராதவையின்ர துண்டைப் போகம் முடியத்தான் கிழிக்கிறது." 'போகம் முடியும்வரை' என்ற காலஅளவு எந்த நிரல்மொழியிலும் நான் கண்டதில்லை. என் மொழியில் சேர்த்தேன். காலபோகத்துக்கு ஒரு திகதி, சிறுபோகத்துக்கு ஒரு திகதி, இரண்டையும் அக்காவே குறித்துக்கொள்வார்.

போன காலபோகத்தில் பழைய பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதித் தந்தார்: "சாக்கு நனைந்திருந்தால் வேறு சாக்கில் மாற்று." அப்படியே தட்டினேன். 'என்றால்' இல்லாமல் 'இருந்தால்' என்று வந்ததை பார்சர் ஏற்கவில்லை. அவருடைய வரியில் கை வைக்கவில்லை, இலக்கணத்தைத்தான் திருத்தினேன்.