பிளக் துளை வழியாக கார்பன் எடுப்பது: கார்பரேட்டர் மாருதி 800, செய்து பார்த்த குறிப்புகள்

வண்டி 1998 மாடல், கார்பரேட்டர் 800. சாவியை அணைத்த பிறகும் இன்ஜின் நாலைந்து சுற்று திணறிவிட்டுத்தான் நிற்கிறது. மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்தால், தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்கிய மாதிரி சத்தம். இந்த இரண்டையும் சொன்னால் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் முதல் பதில், “ஹெட்டை இறக்கிடலாம் சார்.” அதாவது, இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, உள்ளே படிந்த கரியை (கார்பன்) சுரண்டுவது. இறக்காமல் எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்த்ததன் பதிவு இது.

கார்பன் மேல் பழி போடும் முன் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது, கார்பரேட்டரில் உள்ள பெட்ரோல் கட்-ஆஃப் சோலினாய்டு, அதாவது சாவியை அணைத்ததும் பெட்ரோலை மூடும் மின்வால்வு. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டால் ‘டிக்’ என்று கேட்க வேண்டும். அது செத்துப்போய் திறந்தே நின்றால், சாவியை அணைத்தாலும் ஐடில் ஜெட் வழியே பெட்ரோல் வந்துகொண்டிருக்கும். கார்பனை எவ்வளவு சுரண்டினாலும் திணறல் நிற்காது. இரண்டாவது இக்னிஷன் டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம். ‘பிக்கப்’ வேண்டும் என்று ஸ்பார்க்கைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை யாராவது முன்னால் திருப்பி வைத்திருந்தால் அதே கோலிக்குண்டு சத்தம்தான். இந்த வண்டியில் இரண்டும் சரியாக இருந்தன. வெப்ப முள் மட்டும் கால்வாசியைத் தாண்டவே இல்லை. அது பின்னால் வரும்.

கம்ப்ரஷன் அளவு (பிளக் துளையில் மானியை மாட்டி, சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று பார்ப்பது): இன்ஜினை சூடாக்கி, மூன்று பிளக்கையும் கழற்றி, ஸ்பார்க் வராதபடி காயில் ஒயரை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டர் சுற்ற வேண்டும். மிதிக்காமல் எடுத்த அளவு செல்லாது. காற்று வழியில் இருக்கும் த்ராட்டில் மூடியிருந்தால் சிலிண்டருக்குள் போதிய காற்று போகாது. வந்த எண்கள்: ஒன்று 176, இரண்டு 174, மூன்று 190 பிஎஸ்ஐ. பழைய இன்ஜினில் ஒரு சிலிண்டர் மட்டும் ஏறி நின்றால் சந்தோஷப்படக் கூடாது. அதன் அறை சுருங்கியிருக்கிறது என்று பொருள்.

எவ்வளவு சுருங்கும்? போர் (சிலிண்டரின் விட்டம்) 68.5, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 72 மி.மீ. சிலிண்டருக்கு 265 சி.சி. சுருக்க விகிதம் (உள்ளே வந்த கலவை எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பது) 8.7 என்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிச்சம் இருக்கும் இடம் வெறும் 34.5 சி.சி. பிஸ்டன் தலையில் அரை மி.மீ. படிவு ஏறினால் அதுவே 1.8 சி.சி.யைத் தின்றுவிடும், விகிதம் 9.1-க்குப் போய்விடும். ஹெட் பக்கப் படிவு வேறு. போதாததற்கு கார்பன் வெப்பத்தை வெளியே விடாது. அதன் விளிம்புகள் கனன்றுகொண்டே இருக்கும். ஸ்பார்க் இல்லாமலே இன்ஜின் ஓடுவது அந்தக் கனலில்தான்.

போனில் மாட்டும் 5.5 மி.மீ. கேமராவை விட்டுப் பார்த்ததில் மூன்றாவது பிஸ்டன் வற்றிய ஏரி மாதிரி இருந்தது: பாளம் பாளமாக வெடித்த கறுப்பு, இடுக்கில் எண்ணெய்ப் பளபளப்பு. மற்ற இரண்டிலும் காய்ந்த, மங்கலான மசி. இந்த வித்தியாசம் முக்கியம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது இன்ஜின் குளிராக ஓடுகிறது. ஈரமான கரி என்றால் எண்ணெய் இறங்குகிறது. பிளக்குகளும் அதையே சொல்லின.

எண்ணெய் வருவது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் வழியா, வால்வு தண்டில் இருக்கும் சீல் வழியா என்று பார்க்க, பிளக் துளையில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி கம்ப்ரஷன் எடுப்பது வழக்கம். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது என்பார்கள். ஆனால் 34.5 சி.சி. அறையில் 5 மி.லி. ஆயில் ஏழில் ஒரு பங்கை அடைத்துக்கொள்ளும். ரிங் புதிதாக இருந்தாலும் எண் ஏறத்தான் செய்யும். சின்ன இன்ஜினில் 2 மி.லி. போதும், முப்பது நாற்பது ஏறினால்தான் ரிங்கைச் சந்தேகிக்கலாம். இங்கே ஏறியது எட்டு. அப்படியென்றால் குறை ரிங்கில் இல்லை, வால்வு சீலில்.

ஊறவைத்தல்

எதை ஊற்றுவது என்பதில்தான் ஆளுக்கு ஒரு வைத்தியம். மண்ணெண்ணெய் பிசுக்கை எடுக்கும், கெட்டிக் கரியைத் தொடாது. கார்பரேட்டர் ஸ்பிரே பத்து நிமிடத்தில் ஆவியாகிவிடும். ஊற நேரமே இல்லை. அடுப்பு சுத்தம் செய்யும் காஸ்டிக் சோடா வகைகள் கிட்டவே வரக்கூடாது: அவை அலுமினியத்தை அரிக்கும், பிஸ்டனும் ஹெட்டும் அலுமினியம். இங்கே பயன்படுத்தியது பெட்ரோலில் கலப்பதற்கென்று வரும், பாலிஈதர்அமைன் உள்ள கிளீனர். பெட்ரோலில் கலக்காமல் அப்படியே ஊற்றப்பட்டது.

மூன்று சிலிண்டர் இன்ஜினில் ஒரு சங்கடம். நான்கு சிலிண்டர் என்றால் எல்லா பிஸ்டனையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிறுத்திவிட்டு ஒரே நேரத்தில் ஊற்றலாம். இங்கே பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்க் 120 டிகிரி பிரிவு. மூன்றும் ஒருபோதும் ஒரே மட்டத்தில் நிற்காது. அதனால் ஒரு சிலிண்டருக்கு ஒரு இரவு. அதில் ஒரு லாபமும் இருக்கிறது. பிஸ்டன் கீழே இருக்கும்போது 30 மி.லி. ஊற்றினால் 8 மி.மீ. ஆழத்துக்குத் தேங்கி பிஸ்டன் தலை மட்டும் நனையும். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில், இரண்டு வால்வும் மூடியிருக்கும் நேரத்தில் அதே அளவை ஊற்றினால் அறையின் கூரை, வால்வு முகம் எல்லாம் ஊறும்.

உச்சி பிடிக்க: டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, ரோட்டர் அந்தச் சிலிண்டரின் ஒயர் முனையைப் பார்க்கும் வரை, நாலாவது கியரில் போட்டு வண்டியை மெதுவாகத் தள்ளினால் போதும். பிளக் துளையில் கெட்டியான பிளாஸ்டிக் ஸ்ட்ரா ஒன்றை விட்டு, அது ஏறி நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொள்ளலாம். இரும்புக் கம்பி வேண்டாம். ஃபயரிங் வரிசை 1-3-2; அதே வரிசையில் போனால் தள்ளும் தூரம் குறைவு.

ஊற்ற 50 மி.லி. சிரிஞ்சும், மெடிக்கலில் கிடைக்கும் டிரிப் குழாய் ஒரு முழமும். சிரிஞ்சின் ரப்பர் இரண்டாவது தடவையே ஊதி நகராமல் போய்விடும், மூன்று வாங்கிக்கொள்ளவும். கிளீனரில் அசிட்டோன் இருந்தால் குழாயும் குழையும். திரவம் பிளக் மரையின் அடியைத் தொடும் வரை ஊற்றி, துளையை பனியன் வேஸ்ட்டால் மூடி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஸ்டியரிங்கில் ‘ஸ்டார்ட் செய்யாதே’ என்று ஒரு அட்டை. காலையில் யாராவது அவசரத்தில் பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்தால், திரவத்தை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஒன்றாவதில் காலையில் 28-க்கு 21 மி.லி. திரும்ப வந்தது, டீ டிகாஷன் நிறத்தில். மூன்றாவதில் வந்தது கறுப்பு மை. காணாமல் போனது ரிங் வழியே, அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்குள் இறங்கியிருக்கும். அதனால் ஆயில் மாற்றுவது கட்டாயம். மூன்றாவதுக்கு மட்டும் இன்னொரு இரவு கொடுத்தோம். மூன்றும் முடிந்ததும், கழுவப்பட்டு வறண்ட சிலிண்டர் சுவருக்கு 5 மி.லி. ஆயில் வீதம் விட்டு, துளைகள் மேல் துணியை விரித்து, முதலில் கியரில் தள்ளி, பிறகு காயில் ஒயர் இல்லாமல் ஸ்டார்ட்டரில் சுற்றினோம். துணியில் விழுந்த செதில்கள் மிளகுத்தூள் அளவிலிருந்து நகக்கண் அளவு வரை.

மறுபடி கம்ப்ரஷன்: 171, 110, 174. இரண்டாவது எங்கே போனது? இந்த இடத்தில் பயந்து ஹெட்டை இறக்கிவிடுகிறவர்கள் உண்டு. பெயர்ந்த செதில் ஒன்று எக்சாஸ்ட் வால்வு சீட்டில் மாட்டிக்கொண்டால் இப்படித்தான் காட்டும். ஹெட்டின் மேல் இருக்கும் ராக்கர் கவரைத் திறந்து, இரண்டு வால்வும் மூடி, பிஸ்டன் உச்சியிலிருந்து இறங்கியிருக்கும்போது வால்வு தண்டின் தலையை மரச் சுத்தியால் நாலு தட்டு. வால்வு படக்கென்று உட்காரும்போது செதில் நொறுங்கிவிடும். அடுத்த அளவில் 168.

பழைய ஆயிலை இறக்கி, ஃபில்டர் மாற்றி, மலிவான ஆயில் சுமார் மூன்று லிட்டர் ஊற்றினோம். இது இருநூறு கிலோமீட்டருக்கு மட்டும்.

தண்ணீர்

வெந்நீர் பட்ட வடைச்சட்டிக் கரி உரிவது போலத்தான் இதுவும். சூடான இன்ஜின், ஏர் ஃபில்டர் மூடி திறந்திருக்க, ஒருவர் ஆக்சிலேட்டரை 2000–2500 ஆர்.பி.எம்.மில் பிடித்திருக்க, செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரால் கார்பரேட்டர் வாயில் பனி மாதிரித் தெளிக்க வேண்டும். 15 நிமிடத்தில் 300 மி.லி., அதற்கு மேல் வேண்டாம். சத்தம் தளர்ந்தால் உடனே கையை எடுக்கவும். ஒருபோதும் டம்ளரால் ஊற்றக் கூடாது. போர் தண்ணீரில் உப்பு. பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. கடைசியில் தண்ணீர் இல்லாமல் ஐந்து நிமிடம் ஓடவிட்டு ஈரத்தைக் காயவைக்க வேண்டும். டைல்ஸ் போட்ட போர்ட்டிகோவில் செய்யாதீர்கள்: சைலன்சருக்குப் பின்னால் ஆறடிக்குக் கறுப்புப் பொட்டு.

1995 ஏப்ரலுக்குப் பிறகு சென்னையில் விற்ற பெட்ரோல் கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்தது. அது இன்னும் இருக்கிற வண்டி என்றால் ஊறவைத்த மிச்சத்தை முடிந்தவரை துளை வழியே உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். எரியாத கிளீனர் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் அது சூடேறிக் கெடும்.

இப்போது கேமராவில் மூன்றாவது பிஸ்டனின் தலையில் பொறித்த அம்புக்குறி தெரிகிறது. விளிம்பைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் மட்டும் மிச்சம். அதை விரட்டவில்லை. ஓடித் தேய்ந்த இன்ஜினில் ஹெட் இறக்கிச் சுரண்டும்போதுகூட பழைய மெக்கானிக்குகள் அந்த வளையத்தை விட்டுவைப்பார்கள். ஆயில் மேலேறாமல் கொஞ்சம் தடுப்பது அதுதான்.

கரி எங்கிருந்து வந்தது

வெப்ப முள் ஏறாத விஷயம். தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு) இருக்க வேண்டிய கூட்டைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. ‘நம்ம வெயிலுக்கு இது எதுக்கு’ என்று எடுத்து வீசுவது நம் பக்கத்தில் ஊறிப்போன பழக்கம். விளைவு, இன்ஜின் முழுச் சூட்டுக்கே வராது. பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சுவரில் படிந்து பாதி கரியாகும். ஒன்று, இரண்டில் இருந்த காய்ந்த மசிக்கு அதுவே காரணம். புதிது போடும் முன் வெந்நீரில் தொங்கவிட்டு, அதன் மேலேயே பொறித்திருக்கும் டிகிரியில் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும். போட்ட பிறகு முள் பாதிக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. குளிரில் ஸ்டார்ட் செய்ய பெட்ரோலைக் கூட்டும் சோக்கின் கேபிள் முழுசாகத் திரும்பாமல் இருந்ததும் சரிசெய்யப்பட்டது.

இருநூறு கிலோமீட்டர் கழித்து, நல்ல ஆயில் மாற்றிய பின்: 170, 170, 173. திணறல் இல்லை. மேம்பாலத்தில் சத்தம் இல்லை, ஏசி போட்டால் மட்டும் லேசாக எப்போதாவது.

மிச்சம் மூன்றாவது சிலிண்டரின் இன்டேக் வால்வு. அதன் முதுகில் இருக்கும் தாரை இந்த முறை எதுவும் தொடவில்லை. ஊற்றிய திரவம் அங்கே போகாது. பெட்ரோலில் கலக்கும் கிளீனர் மெதுவாகக் கரைக்கும், ஏனென்றால் இந்த இன்ஜினில் பெட்ரோல் வால்வு முதுகை நனைத்துக்கொண்டுதான் உள்ளே போகிறது. ஆனால் சீல் வழியே எண்ணெய் இறங்கும் வரை கரைக்கக் கரைக்கப் படியும். சீலை ஹெட் இறக்காமலே மாற்றலாம்: பிஸ்டனைப் பாதி மேலேற்றி, பிளக் துளை வழியே நைலான் கயிற்றை உள்ளே திணித்து, பிஸ்டனை அதன் மேல் ஏற்றி அழுத்தினால் ஸ்பிரிங்கைக் கழற்றும்போது வால்வு உள்ளே விழாது. கயிற்றின் நுனியில் பெரிய முடிச்சுப் போட்டு வெளியே விட்டுவைக்க வேண்டும். பிரி உதிராத கயிறாக 6 மி.மீ.யில் இரண்டு மீட்டர் வாங்கி வைத்தாயிற்று. சீல் செட் இன்னும் வரவில்லை.